நாடகம் நல்லாருக்கு, நாளைக்கு நாங்க எங்க வரணும்?

போன இதழ்ல ஒருத்தர், வீதி நாடகம்லாம் இன்னும் நடக்குதா சார்னு கேட்டிருந்தார். நடக்குதுன்னு ரெண்டு வரி எழுதிட்டு நான் சும்மா இருந்திருக்கலாம், ஆனா வெயிலப் பத்தி வெள்ளத்தப் பத்தி உருப்படியா ஒரு நாடகமும் சமீபத்துல பாக்கலன்னு மூணாவது வரி ஒண்ண சேத்துட்டேன். அவ்ளோதான். வந்த கடுதாசி, வாட்ஸப், ஆடியோ மெசேஜ் எல்லாத்தையும் கட்டினா ஒரு சாக்கு தேறும், பாதி திட்டு, மீதி நல்ல கேள்வி. அதனால சினிமா, கிரிக்கெட், பாகப்பிரிவினை கேட்டவங்க அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கங்க, கலைய வச்சு இந்த காலநிலை விஷயத்துல ஏதாவது நடக்க வைக்க முடியுமாங்கற ஒண்ண மட்டும் இந்த தடவ பேசிருவோம்.

கே: எங்க ஸ்கூல்ல சுற்றுச்சூழல் தினம் வந்தா பத்து நிமிஷ நாடகம் போடணும். பச்சை சேலை கட்டின பூமித்தாய் அழுவா, ரெண்டு பசங்க மரமா நிப்பாங்க, ஒருத்தன் கோடாரியோட வருவான், கடைசில எல்லாரும் கை கோத்துக்கிட்டு மரம் வளர்ப்போம் மழை பெறுவோம். ஆறு வருஷமா இதே தான், எனக்கே வெறுத்துப்போச்சு. என்ன மாத்தலாம்?
(ஆசிரியை, விருத்தாசலம்)

ப: டீச்சர், அந்த பூமித்தாய நானும் நாலஞ்சு மாவட்டத்துல பாத்துட்டேன், எல்லா ஊர்லயும் அதே கிளிப்பச்சை. கோடாரிப் பையன் தான் பாவம், நல்லா நடிக்கத் தெரிஞ்சவன் எவனோ அவனுக்கு தான் அந்த வேஷம் குடுப்பாங்க.

ஒரு பழைய கதை சொல்றேன். 1991, புதுக்கோட்டை மாவட்டம், பெரியவங்களுக்கு எழுத்துப் படிப்பு சொல்லிக்குடுக்கற அறிவொளி இயக்கம் நடந்துக்கிட்டிருந்த சமயம். நான் டிகிரி முடிச்சிட்டு வேலை வெட்டி இல்லாம இருந்தவன், ஒரு கலைக்குழுவுல ஒட்டிக்கிட்டேன். எட்டு பேரு, ஒரு வேன், ரெண்டு பறை, ஒரு ஆர்மோனியம், மைக் கிடையாது, கத்தி கத்தி ராத்திரி யாருக்கும் தொண்ட இருக்காது. ஒரு ஊர்ல கோயில் திடல்ல வட்டம் போட்டோம். கதை ரொம்ப சிம்பிள், வட்டிக்காரன் கொண்டாந்த பத்திரத்துல என்ன எழுதியிருக்குன்னு தெரியாம ஒரு பொம்பள கைநாட்டு வைக்கிறா, நிலம் போயிருது. முடிஞ்சு சாமானெல்லாம் கட்டிக்கிட்டிருக்கோம், ஒரு ஆத்தா வந்து நின்னுச்சு, அறுபது வயசு இருக்கும், முந்தானைல வெத்தலப் பை முடிஞ்சிருந்துச்சு. எல்லாரும் கை தட்டினாங்க, அது தட்டல. "நாடகம் நல்லாருக்கு தம்பி. நாளைக்கு நாங்க எங்க வரணும்?" அப்டின்னுச்சு.

நான் முழிச்சேன், சத்தியமா எனக்கு பதில் தெரியாது, நான் நடிக்க வந்தவன். எங்க குழுத் தலைவர் வேன்ல ஏறப் போனவரு இறங்கி வந்து, "சாயந்தரம் ஏழு மணிக்கு, அந்தா தெரியுதுல்ல பால்வாடி, அந்தத் திண்ணைக்கு வாங்க ஆத்தா, சொல்லித்தர உங்க ஊரு பொண்ணு தான், சிலேட்டு நாங்க தர்றோம்" அப்டின்னாரு. "வெளக்கு?" "அரிக்கேன் இருக்கு." "அப்ப சரி"ன்னு போயிருச்சு.

அன்னைக்கு எனக்கு இது பெருசா படல, ஆனா அந்த மாவட்டத்துல ஏன் அது ஓடுச்சுன்னு பின்னாடி யோசிச்சா இது தான் விஷயம், ஒவ்வொரு பாட்டுக்குப் பின்னாடியும் ஒரு திண்ணையும் ஒரு அரிக்கேனும் தயாரா இருந்துச்சு. பொம்பளைங்க சைக்கிள் ஓட்டணும்னு பாடினோம்னா பாட்டு முடியறப்ப பக்கத்துல நெசமான சைக்கிள் நிக்கும், ஏறி விழுந்து பழகுவாங்க. அந்த மாவட்டத்துல ஆயிரக்கணக்குல பொம்பளைங்க சைக்கிள் கத்துக்கிட்டது இன்னைக்கும் பேசற கதை.

இப்ப உங்க பூமித்தாய்க்கு வருவோம். அவ அழுது முடிச்ச உடனே அந்த ஆத்தா எழுந்து வந்து நாளைக்கு நான் எங்க வரணும்னு கேட்டா உங்ககிட்ட பதில் இருக்கா? மரம் நடுங்கன்னு சொல்வீங்க, எங்க, யாரு நிலத்துல, யாரு தண்ணி ஊத்துவா? அதனால ஸ்கிரிப்ட்ட கடைசி வரிலேருந்து எழுதுங்க. யாரு, என்ன பண்ணணும், எந்த தேதிக்குள்ள, அத முதல்ல ஒரு துண்டு பேப்பர்ல எழுதி செவுத்துல ஒட்டிட்டு அப்புறம் ஒத்திகைய ஆரம்பிங்க. உங்க பசங்க சுத்துப்பட்டு கிராமத்துலேருந்து தானே வர்றாங்க, அவங்க ஊர் ஏரிக்கு வரத்து வாய்க்கால் எங்க அடைச்சிருக்குன்னு பசங்களுக்கு நம்மள விட நல்லா தெரியும், மீன் புடிக்கப் போறவன் அவன் தானே. தகரக் கூரை போட்ட வகுப்புல ஏப்ரல் மாசம் மத்தியானம் உக்காந்தா என்னாகும்னு அத நடிச்சே காட்டலாம், யாரும் சொல்லித்தர வேண்டாம். கிராம சபை இப்ப வருஷத்துக்கு ஆறு தடவ கூடுது, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அதுல ஒரு நாள் சபை கூடறதுக்கு முன்னாடி அதே இடத்துல நாடகத்தப் போட்டு, கடைசி சீன்ல அந்தப் பையன் நிஜ மனுவ நிஜ தலைவர் கைல குடுக்கட்டும். தலைவரும் அப்ப ஒரு நடிகர் ஆயிருவாரு, வாங்காம தப்பிக்க முடியாது.

இன்னொண்ணு, அந்த அழுகைய எடுத்துட்டு ஒரு கட்டியங்காரன உள்ள விடுங்க. தெருக்கூத்துல அவனுக்கு மட்டும் தான் ராஜாவையும் கேக்கலாம் முன்னாடி உக்காந்திருக்கற மிராசுதாரையும் கேக்கலாம்னு லைசென்ஸ் உண்டு. "என்ன தலைவரே, வாய்க்கா மேல கடை கட்டினது யாரு, எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியுமா"ன்னு அவன் கேட்டா சிரிச்சிக்கிட்டே எல்லாரும் ஒருத்தரப் பாப்பாங்க. அந்தப் பார்வை போதும்.

ஆங், மேடைக்குப் பின்னாடி இருபது அடிக்கு ஃப்ளெக்ஸ் பேனர் கட்டி பிளாஸ்டிக்க ஒழிப்போம்னு போடாதீங்க, கட்டியங்காரன் முதல்ல அதத் தான் புடிப்பான்.

கே: பாட்டு, நாடகம், கவிதைனால உலகத்துல எதாவது ஒரு டேமாவது ஃபேக்டரியாவது நின்னிருக்கா? சும்மா மனசு ஆறுதலுக்கு பண்றது தானே இதெல்லாம்?
(கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

ப: டேம் நின்னிருக்கும்மா. உங்க ஊர்லேருந்து செங்கோட்டை தாண்டினா கேரளா, அங்க பாலக்காடு பக்கம் சைலன்ட் வேலி. குந்திப்புழா ஆத்துக்கு குறுக்க கரண்டுக்காக அணை கட்டறதுன்னு முடிவு ஆச்சு, காடு முங்கிப்போகும். எழுபதுகளோட கடைசில கவிஞர் சுகதகுமாரி மாதிரி ஆளுங்க காட்டுக்காக கவிதை எழுதி ஊர் ஊரா வாசிச்சாங்க, அவங்கள மரக்கவிகள்னு நக்கலடிச்சாங்க, வளர்ச்சிக்கு எதிரின்னாங்க, கரண்ட் வேண்டாமான்னு கேட்டாங்க. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்னு ஒரு மக்கள் அறிவியல் அமைப்பு நாடகம் பாட்டுன்னு கிராமத்துக்குள்ள கொண்டுபோச்சு. 1983ல திட்டத்த கைவிட்டாங்க, 1984ல தேசியப் பூங்கான்னு அறிவிச்சாங்க. ஆனா கவிதை கேட்டு இந்திரா காந்தி அழுதுட்டாங்கன்னு நினைச்சுக்காதீங்க, அதே பரிஷத் ஆளுங்க இந்த அணையில எவ்ளோ கரண்ட் வரும், செலவு என்ன, வேற வழி என்னன்னு கணக்குப் போட்டு ஒரு அறிக்கையும் போட்டாங்க, விஞ்ஞானிங்க எழுதினாங்க, கோர்ட்டுக்கும் போனாங்க. அறிக்கைய படிக்க நூறு பேரு, கவிதை கேக்க ஒரு லட்சம் பேரு, ரெண்டும் சேந்தப்போ தான் மந்திரிக்கு பயம் வந்துச்சு.

நம்ம பக்கத்துல கொடைக்கானல். அது பாதரசம், காலநிலை இல்ல, ஆனா உங்க கேள்விக்கு சரியா பொருந்தும். தெர்மாமீட்டர் ஃபேக்டரி 2001ல மூடிட்டாங்க, அங்க வேலை செஞ்சவங்க உடம்பு கெட்டு நஷ்டஈடு கேட்டு வருஷக்கணக்கா அலைஞ்சாங்க, ஊரு கண்டுக்கல. 2015 ஜூலைல சோஃபியா அஷ்ரஃப்னு சென்னைப் பொண்ணு, அமெரிக்காவுல சக்கைப்போடு போட்ட ஒரு பாட்டு மெட்டுல ராப் பாடி வீடியோ விட்டுச்சு. லட்சக்கணக்குல பாத்தாங்க. 2016 மார்ச்சுல கம்பெனி 591 முன்னாள் தொழிலாளிங்களோட ஒப்பந்தம் போட்டுச்சு. பதினஞ்சு வருஷம் படி ஏறினவங்க இல்லைன்னா பாட்டுக்கு ஒரு வேலையும் இல்ல, அந்தப் பாட்டு வரலைன்னா அவங்க இன்னும் எத்தன வருஷம் ஏறியிருப்பாங்களோ. அந்த வீடியோவ நல்லா கவனிங்க, உலகமே திருந்துன்னு பாடல, ஒரு கம்பெனி, ஒரு கோரிக்கை, கீழ கையெழுத்து போட ஒரு லிங்க். மறுபடியும் அரிக்கேன் தான்.

நடக்காததையும் சொல்லணும்ல. 2017 ஜனவரில வடசென்னை எண்ணூர் கழிமுகத்துக்காக கர்நாடக சங்கீதப் பாடகர் டி.எம்.கிருஷ்ணா பாடின பொறம்போக்குப் பாட்டு, எழுதினது கபேர் வாசுகி. கர்நாடக ராகத்துல மெட்ராஸ் பாஷை, சபாவுல முன்வரிசைல உக்காந்து தொடைல தாளம் போடறவங்களுக்கும் எண்ணூர் குப்பத்துப் பசங்களுக்கும் ஒரே பாட்டு. எனக்குத் தெரிஞ்ச ஒரு ரிட்டயர்டு விஏஓ அதக் கேட்டுட்டு போன் பண்ணினார், "யோவ், முப்பது வருஷம் நான் அடங்கல்ல எழுதின வார்த்தைய்யா அது, ஊருக்குப் பொதுவானது, யாரும் பட்டா வாங்கக் கூடாதது, ஏரி, மேய்ச்சல், சுடுகாடு எல்லாம். அது எப்பய்யா திட்டுற வார்த்தை ஆச்சு"ன்னு. வெள்ளம் வந்தா தண்ணிய வாங்கிக்க வேண்டிய கழிமுகத்துல அனல்மின் நிலையத்து சாம்பல் படிஞ்சு கிடக்கறத அந்த ஒரு வார்த்தைய வச்சு புரிய வச்சாங்க. ஆனா எண்ணூர் சரியாயிருச்சா? இல்ல. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் மழையோட எண்ணெய் கலந்து வந்து ஆத்துல படிஞ்சு, வலை படகு எல்லாம் கறுத்து மீனவங்க நின்னதப் பாத்தோம். வார்த்தை மாறிச்சு, ஆறு மாறல.

கே: பாரீஸ்ல ஒரு கலைஞர் கிரீன்லாந்துலேருந்து ஐஸ் கட்டிய கப்பல்ல கொண்டுவந்து ரோட்டுல உருக விட்டாராமே? அதுக்கு எரிச்ச டீசல் யாரு கணக்கு? ஊருக்கு உபதேசம் தானா?
(ஐடி ஊழியர், சென்னை)

ப: ஓலாஃபர் எலியாசன். கூட ஒரு நிலவியல் விஞ்ஞானி, மினிக் ரோஸிங். 2015 டிசம்பர், பாரீஸ்ல காலநிலை மாநாடு நடக்கறப்போ பாந்தியோன் கட்டடத்துக்கு முன்னாடி 12 ஐஸ் பாறைய கடிகாரம் மாதிரி வட்டமா வச்சாங்க, மொத்தம் சுமார் 80 டன். பனிமலைய வெட்டி எடுக்கல, ஏற்கனவே உடைஞ்சு கடல்ல மிதந்துக்கிட்டிருந்தத புடிச்சது. டீசல் கணக்கு அவங்களே போட்டு வெளியிட்டாங்க, சுமார் 30 டன் கார்பன் டை ஆக்சைடு, அதுல பெரும்பகுதி கிரீன்லாந்துலேருந்து பாரீஸ் வரைக்கும் வந்த போக்குவரத்து. உங்க கம்பெனி வருஷாந்திர டீம் அவுட்டிங்குக்கு கோவா போனப்போ யாராவது இந்த மாதிரி கணக்குப் போட்டு நோட்டீஸ் போர்டுல ஒட்டினாங்களா? கோச்சுக்காதீங்க தம்பி, எங்க பத்திரிகையும் போடல.

எனக்கு அதுல புடிச்சது ஜனங்க பண்ணினது. கட்டிப்புடிச்சாங்க, நாக்கால நக்கினாங்க, காத வச்சு கேட்டாங்க. பனி இறுகறப்போ அதுக்குள்ள மாட்டின காத்து குமிழ் குமிழா இருக்கும், ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முந்தின காத்து, உருக உருக பட் பட்னு வெடிக்கும், நம்மூர்ல கடுகு தாளிக்கற மாதிரி. கிரீன்லாந்து வருஷத்துக்கு 20,000 கோடி டன்னுக்கு மேல பனிய இழக்குதுன்னு பேப்பர்ல படிச்சா நமக்கு ஒண்ணும் ஆகாது, பூஜ்யத்த எண்ணிட்டு அடுத்த பக்கம் போயிருவோம். கைய வச்சு, விரல் மரத்துப்போயி, இது நேத்து இதவிட பெருசா இருந்துச்சேன்னு தோணுதுல்ல, அது வேற. நடக்கற தூரத்துலயே இல்லைன்னாலும் அதே ஊர்ல தான் அப்போ எல்லா நாட்டு ஆளும் உக்காந்து பேரம் பேசிக்கிட்டிருந்தாங்க, அதனால முகவரியும் சரி. இதையே வருஷா வருஷம் ஊர் ஊரா கொண்டுபோறேன்னு ஆரம்பிச்சா நானும் உங்க பக்கம் வந்துருவேன். 2018ல லண்டன்ல மறுபடியும் வச்சாங்க, எனக்கு அது கொஞ்சம் ஓவர்.

கே: காலநிலை மாற்றம்னு சொன்னா எங்க ஊர்ல யாருக்கும் புரியல. கும்மிப் பாட்டு எழுதலாம்னு இருக்கேன், எந்த வார்த்தை போடறது?
(இல்லத்தரசி, மயிலாடுதுறை பக்கம்)

ப: அம்மா, காலநிலைன்னு ஒரு பேப்பர், பருவநிலைன்னு இன்னொரு பேப்பர், டிவில வானிலை, ஜனங்க மூணையும் சேத்து, முன்னாடி வானிலை ஆபீஸ்ல இருந்த ரமணன் சார் டிவில சொன்னதுன்னு நினைச்சுக்கறாங்க. பசுமை இல்ல வாயுன்னு ஒரு கூட்டத்துல பேசினேன், ஒரு பெரியவர் பசுமை இல்லைன்னா எப்டி வாயு வரும்னு கேட்டார், எனக்கும் அதுக்கப்புறம் அந்த வார்த்தைய சொல்லவே வரல.

உங்க டெல்டாவுல வார்த்தைக்கா பஞ்சம். பயிர் பருவம் தவறினா பட்டம் தப்பிப்போச்சுன்னு சொல்வாங்கல்ல, அது தான் தலைப்பு. ஐப்பசி கார்த்திகைல அடிக்க வேண்டிய மழை தை மாசம் பொங்கப் பானை வைக்கறப்போ வந்து கதிர சாய்ச்சுச்சே, 2021 ஜனவரில, சாஞ்ச பயிர்ல நெல்லு முளை கட்டிருச்சே, அந்த ஒரு வாரத்த பாடுங்க போதும். அப்புறம் ஒரு சந்தேகம் வந்தா பக்கத்து வீட்டு நடவாளுகிட்ட வரிய பாடிக் காட்டுங்க, அவங்க வாயில திரும்ப வந்தா அது பாட்டு, வரலைன்னா அது அரசாங்க சுற்றறிக்கை.

கே: நாங்க பறை அடிக்கிற பசங்க, பத்து பேரு. மாசத்துக்கு ரெண்டு விழிப்புணர்வு நிகழ்ச்சிக்கு கூப்புடுறாங்க. போன மாசம் ஒரு ஃபேக்டரி கூப்டுச்சு, எங்க ஏரியா காத்த கெடுக்கறதே அவங்க தான், அவங்க மேடைல பசுமை பத்தி அடிக்கணுமாம். நல்ல காசு. போலாமா?
(பறைக் கலைஞர், வடசென்னை)

ப: தம்பி, முதல்ல ஒரு வயித்தெரிச்சல். காசு குடுக்கறேன்னு சொல்றது ஃபேக்டரி, நல்ல காரியத்துக்கு கூப்புடறவங்க என்ன சொல்றாங்க, சேவை தானே, சாப்பாடு போட்டு பஸ் காசு குடுத்துருவோம். மைக் செட்டுக்காரனுக்கு காசு, பந்தலுக்கு காசு, பேச வந்த புரொஃபசருக்கு ஏசி ரூம், பறை அடிக்கிறவனுக்கு பொன்னாடை. இத மாத்தாம உங்களப் பாத்து அந்தக் காச வாங்காதேன்னு சொல்ல எனக்கு வாய் கூசுது.

ஆனாலும் கேட்டுட்டீங்க. லண்டன்ல டேட்னு பெரிய கலைக்கூடம், அதுக்கு எண்ணெய்க் கம்பெனி பிபி இருபது வருஷத்துக்கு மேல ஸ்பான்சர். 2010ல சில கலைஞருங்க லிபரேட் டேட்னு குழுவா சேந்து அந்தக் கட்டடத்துக்குள்ளயே கூப்புடாத நிகழ்ச்சி நடத்த ஆரம்பிச்சாங்க. மெக்சிகோ வளைகுடாவுல பிபி கிணறு வெடிச்சு 87 நாளு எண்ணெய் கொட்டுச்சுல்ல, அதோட முதலாம் வருஷத்துக்கு ஒரு ஆளு துணி இல்லாம தரைல சுருண்டு படுத்தான், மேல எண்ணெய் மாதிரி கறுப்பா ஊத்தினாங்க, 87 நிமிஷம் அசையாம கிடந்தான். 2012ல நூறு பேருக்கு மேல சேந்து ஒரு காத்தாலையோட இறக்கைய, பதினாறரை மீட்டரு, ஒன்றரை டன்னு, தேர் இழுக்கற மாதிரி தோள்ல தூக்கிட்டு உள்ள கொண்டுபோய் வச்சு, இது உங்களுக்கு எங்க அன்பளிப்பு, சட்டப்படி பரிசீலனை பண்ணுங்கன்னுட்டு வந்துட்டாங்க. இன்னொரு பக்கம் தகவல் உரிமைச் சட்டத்துல கேஸ் நடந்துச்சு, எவ்ளோ தான் குடுக்கறான்னு சொல்லுன்னு. கடைசில 2015ல வெளிய வந்துச்சு, 1990லேருந்து 2006 வரைக்கும் 17 வருஷத்துக்கு மொத்தமே 38 லட்சம் பவுண்டு. அந்த மாதிரி ஒரு இடத்துக்கு அது டீ செலவு. இவ்ளோ கம்மி காசுக்கா இவ்ளோ பெரிய பேர வித்தீங்கன்னு ஊரே கேட்டுச்சு. 2016ல பிபி விலகறதா சொல்லிருச்சு, வியாபார நிலைமை சரியில்லன்னாங்க, போராட்டத்துக்காகன்னு சொல்வாங்களா என்ன.

இதுலேருந்து உங்களுக்கு உபயோகப்படற விஷயம் ஒண்ணு தான், அவங்க உங்ககிட்ட வாங்கறது பத்து நிமிஷ அடி இல்ல, உங்க பறையோட பேரு. அதுக்கு அவங்க குடுக்கற காசு கம்மி. போகாதீங்கன்னு நான் சொல்வேன், ஆனா வீட்டு வாடகை பாக்கி இருந்து போனா உங்களக் குத்தம் சொல்ல மாட்டேன். போறதா இருந்தா என்ன பாடறதுங்கறத நீங்க தான் முடிவு பண்ணுவீங்கன்னு எழுதி வாங்குங்க. எழுதித் தர மாட்டாங்க. அப்ப உங்க கேள்விக்கு அவங்களே பதில் சொல்லிருவாங்க.

கே: பொண்ணுக்கு ஒன்பது வயசு. ஸ்கூல்லேருந்து ஒரு கண்காட்சிக்கு கூட்டிட்டு போனாங்க, கடல் வந்து ஊரே முங்கற மாதிரி இருட்டு ரூம்ல சத்தத்தோட காட்டியிருக்காங்க. ஒரு வாரமா தனியா தூங்க மாட்டேங்கறா. இப்டி பயமுறுத்தினா தான் திருந்துவாங்களா?
(ஒரு அம்மா, கோயம்புத்தூர்)

ப: திருந்த மாட்டாங்க, போர்வைய இழுத்து மூடிக்குவாங்க. இதையே நார்வே பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளருங்க பாத்திருக்காங்க, நான் மேல சொன்ன பாரீஸ் மாநாட்டு சமயத்துல ஊர் முழுக்க வச்சிருந்த கலைப்படைப்புல 37 எடுத்துக்கிட்டு, பாக்க வந்த எண்ணூறு சொச்சம் பேர்கிட்ட உங்களுக்கு என்ன தோணுச்சுன்னு கேட்டு நாலு ரகமா பிரிச்சாங்க. பயங்காட்டறது ஒண்ணு, ஆஹா உலகம் எவ்ளோ அழகுன்னு தாலாட்டறது ஒண்ணு, என்ன சொல்றான்னே புரியாதது ஒண்ணு, இதெல்லாம் தான் நிறைய. பாத்தவன அசர வச்சு, கூடவே ஒரு வழியையும் காட்டினது 37ல மூணே மூணு, அதுக்கு தான் ஜனங்க மனசு அதிகமா அசைஞ்சுச்சு. 37க்கு மூணுன்னா நம்ம சினிமாவுல நல்ல படம் வர்ற ரேட் தான், அது பரவால்ல.

பயத்த சொல்லாம இருக்கவும் முடியாதும்மா, பொய் சொன்ன மாதிரி ஆயிரும். எப்டி சொல்றதுங்கறதுக்கு எனக்கு ஞாபகம் வர்றது மார்ஷல் தீவு கவிஞர் கேத்தி ஜெட்னில் கிஜினர். அவங்க நாடு கடல் மட்டத்துலேருந்து ரெண்டு மீட்டர் உசரம் இருந்தா பெருசு. 2014 செப்டம்பர்ல நியூயார்க் ஐ.நா. சபைல உலகத் தலைவருங்க முன்னாடி நின்னு கவிதை வாசிச்சாங்க, ஆனா அந்தத் தலைவருங்களப் பாத்து வாசிக்கல, தன்னோட ஏழு மாசக் குழந்தைகிட்ட பேசற மாதிரி எழுதியிருந்தாங்க. கடல் உன்ன முழுங்கிரும்னு ஊரு சொல்லுதுன்னு ஆரம்பிச்சு, நாங்க விட மாட்டோம், இத்தன பேரு தெருவுல நிக்கறோம்னு குழந்தைக்கு சொல்ற மாதிரி. முடிச்ச உடனே புருஷனும் குழந்தையும் மேடைக்கு வந்தாங்க, சபையே எழுந்து நின்னுச்சு. அதே வருஷம் அக்டோபர்ல பசிபிக் தீவுக்காரங்க அவங்க ஊர்ல கையால செஞ்ச படகுங்கள ஆஸ்திரேலியாவுக்கு கொண்டுபோய், நியூகாசில்னு உலகத்துலயே பெரிய நிலக்கரித் துறைமுகம், அதோட வாசல்ல ஆடிப் பாடி இறக்கி குறுக்க விட்டாங்க. அவ்ளோ பெரிய கப்பல் முன்னாடி இத்துனூண்டு படகு, அன்னைக்கு பல கப்பலால நகர முடியல.

உங்க பொண்ணுக்கு அந்தப் படகு கதைய சொல்லுங்க, இருட்டு ரூம் கதைக்கு அது ஜோடி. கூடவே ஒரு படகு பேப்பர்ல செஞ்சு குடுங்க. ஒரு வாரத்துக்கு மேல தூக்கம் வரலைன்னா டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க, பத்திரிகைல பதில் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க.

கே: மார்கழி கோலப் போட்டிக்கு இந்த தடவ சுற்றுச்சூழல் தலைப்பு. பூமிய ஒரு கை தாங்கற மாதிரி எல்லாரும் போடுவாங்க. வேற ஐடியா?
(கோலப் பிரியை, காரைக்குடி)

ப: கோடு போடுங்க. இங்கிலாந்துல எட் ஹாக்கின்ஸ்னு ஒரு விஞ்ஞானி 2018ல பண்ணினது, ஒரு வருஷத்துக்கு ஒரு கோடு, குளிர்ந்த வருஷம் நீலம், சூடான வருஷம் சிவப்பு. நம்பர் இல்ல, எழுத்து இல்ல, இடது பக்கம் நீலமா ஆரம்பிச்சு வலது பக்கம் வர வர ரத்தச் சிவப்பு. கோலப்பொடிக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும். உங்க மாவட்டத்து வெப்பநிலை கணக்கு கிடைச்சா இன்னும் விசேஷம், உங்களுக்கு கல்யாணம் ஆன வருஷத்துல ஒரு புள்ளி வச்சு விடுங்க, பொண்ணு பொறந்த வருஷத்துல ஒண்ணு. ஜட்ஜு இது என்னம்மா சேலை பார்டரான்னு கேப்பார். கேக்கட்டும். பரிசு கிடைக்காது, தெருவே நின்னு பாக்கும்.

கே: இவ்ளோ பேசறீங்களே, உங்க வீட்டுல ஏசி இருக்கா இல்லையா? நேர்மையா சொல்லுங்க.
(பெயர் போடவில்லை, மதுரை)

ப: இருக்கு சார். ஒண்ணு, பெட்ரூம்ல, ஏழு வருஷமா. நான் 26ல வைப்பேன், வீட்டம்மா 23க்கு இறக்குவாங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு பாத்ரூம் போறப்போ நான் சத்தம் போடாம திரும்ப 26 ஆக்குவேன். ரெண்டு வாரமா ரிமோட்ட காணோம். தலகாணிக்கு அடில தான் இருக்கும், கேக்க தைரியம் இல்ல.